ஆழம் காட்டும் திரை

கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் கடலின் மேற்பரப்பு பழகிய முகம். நீரின் நிறத்தையும் அலையின் நெளிவையும் கண்டே காற்றின் போக்கையும் நீரோட்டத்தின் திசையையும் சொல்லிவிடும் பெரியவர்கள் நம் கடற்கரை ஊர்களில் இருந்தனர். இன்றும் சிலர் இருக்கின்றனர். ஆயினும் மரக்கலத்தை உடைப்பது அலை மட்டுமன்று. கண்ணுக்குப் புலப்படாத அடித்தளமும் உடைக்கின்றது. அதனை அறிந்துகொள்ள நம் முன்னோர் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினர். இன்றோ, சுக்கான் பிடிப்பவரின் முன்னே கையகலப் பெட்டியொன்று அமர்ந்து, கீழே கிடப்பதை நிறங்களால் வரைந்தவண்ணம் இருக்கின்றது. எக்கோ சவுண்டர் என்பது அதன் பெயர். மீனைத் தேடுவதற்கென்றே வாங்குவோர் அதனைப் பிஷ் பைண்டர் என்பர். போர்க்கப்பல்களிலும் நீர்மூழ்கிகளிலும் உள்ள சோனார் என்னும் பெருங்குடும்பத்தில் இது எளிய உறுப்பினர்.

நம் தமக்கையாரின் மகன் கீழக்கரையிலிருந்து வள்ளம் ஓட்டித் தொழில் செய்கின்றார். அவர் இக்கருவியை வாங்கிய நாளில், அதற்காகத் தம் வளையல்களை அடகு வைத்திருந்த தமக்கையார் நம்மை அழைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்தப் பொட்டி இருந்தா புள்ள தட்டாம முட்டாம வந்து சேர்ந்துருவானா?"

ஆம் என்று சொல்லிவிடத்தான் மனம் விரும்பியது. எனினும், பெட்டி எதைக் காட்டுகின்றது, எதைக் காட்டாது விடுகின்றது என்பதை அறியாமல் ஒரு தாய்க்கு வாக்குக் கொடுப்பது முறையன்று. ஆகவே, வாய்ப்புக் கிட்டிய போதெல்லாம் அந்த வள்ளத்தில் ஏறித் திரையின் முன் அமர்ந்தோம். கருவியோடு வந்த கையேட்டையும் எழுத்தெண்ணிப் படித்தோம். அவ்வாறு அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகின்றோம்.

ஒளி கடலுக்குள் நெடுந்தூரம் செல்வதில்லை, ஒலி செல்லும். இதை அளந்து காட்டியவர் கொலாடோன் என்னும் அறிஞர். 1826-ஆம் ஆண்டில், ஜெனிவா ஏரியில், இரவு நேரத்தில் ஒரு படகிலிருந்து நீருக்குள் மணியை அடிக்கச் செய்து, அதே கணத்தில் வெடிமருந்தையும் பளிச்சிடச் செய்தார். 13 கிலோமீட்டருக்கும் அப்பால் மற்றொரு படகில் தாம் அமர்ந்து, நீரில் இறக்கிய குழலில் காதை வைத்து, வெளிச்சம் கண்டதற்கும் மணியோசை கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டார். அந்தக் குளிர்ந்த நன்னீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,435 மீட்டர் எனக் கண்டார். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப் போல அது நான்கு மடங்குக்கும் அதிகம். உப்பும் வெம்மையும் மிக்க மன்னார் வளைகுடாவில் அது இன்னும் கூடுதலாகி 1,540 மீட்டரை ஒட்டி நிற்கும். கருவிகளோ பெரும்பாலும் 1,500 என்று வைத்துக் கணக்கிடுகின்றன. அதனால் நம் கடலில் அவை ஆழத்தைச் சற்றுக் குறைத்தே சொல்கின்றன. 30 மீட்டர் ஆழத்தில் முக்கால் மீட்டர் அளவே வேறுபாடு. அதுவும் தீங்கில்லாத பக்கம் சாய்ந்த பிழை.

டைட்டானிக் கப்பல் 1912-இல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பின்னர், பனிப்பாறையை முன்கூட்டியே அறியும் வழியைத் தேடியவர்களுள் ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்சாந்தர் பேம் ஒருவர். பக்கவாட்டில் பனிப்பாறையைத் தேடி அனுப்பிய ஒலி அவருக்குப் பெரிதும் உதவவில்லை. கீழ்நோக்கிச் சென்ற ஒலியோ கடலடியில் பட்டுத் தெளிவாகத் திரும்பியது. முன்னால் இருப்பதைத் தேடப் போனவர் கீழே இருப்பதைக் கண்டுபிடித்து, 1913-இல் அதற்கு உரிமம் பெற்றார். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும். மீனவர் வாங்கத்தக்க கருவியாக அது வணிகத்துக்கு வந்தது 1948-இல். செய்தவர்கள் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள்.

வள்ளத்தின் அடியில் பொருத்தியிருக்கும் சிறு வில்லை ஒன்று, நம் செவிக்கு எட்டாத கூரிய ஒலித்துடிப்பைக் கீழே அனுப்புகின்றது. டிரான்ஸ்டியூசர் என்னும் அவ்வில்லையே திரும்பி வரும் எதிரொலியையும் கேட்கின்றது. போய்வந்த நேரத்தில் பாதியை வேகத்தால் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். 15 மீட்டர் ஆழத்தில் ஒலி போய்வர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கே பிடிக்கும். கணக்கு இவ்வளவுதான், பள்ளி மாணவரும் செய்துவிடுவர். கடினம் திரையைப் படிப்பதில்தான் இருக்கின்றது.

திரையைப் பார்த்தவுடன் எவருக்கும் தோன்றுவது, கடலைக் கத்தியால் நெடுக வெட்டி அதன் குறுக்குத் தோற்றத்தைக் காட்டுகின்றார்கள் என்பதே. மேலே நீர், கீழே தரை, இடையில் மீன். திரையின் வலப்புறம் வள்ளத்தின் முன்புறம் போலவும், இடப்புறம் பின்புறம் போலவும் கண்ணுக்குப் படும். உண்மையில் வலது ஓரத்திலுள்ள ஒரே ஒரு நூலளவுக் கோடு மாத்திரமே இந்தக் கணம். அதற்கு இடப்புறமுள்ள அனைத்தும் பழைய செய்தி. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கோடு புதிதாக எழுதப்பட, முந்தைய கோடுகள் இடப்புறம் தள்ளப்படுகின்றன. திரையில் கிடைமட்டமாக இருப்பது தூரமன்று, காலம். நங்கூரம் பாய்ச்சி நின்றாலும் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரே இடத்தின் ஆழத்தையே திரும்பத் திரும்ப எழுதி, நேர்க்கோடாய் ஒரு சமவெளியை வரைந்து காட்டும். அதைக் கண்டு, நெடுந்தொலைவுக்குத் தரை சமமாக இருப்பதாக எண்ணினால் என்னவாகும்? வேகமாய்ச் சென்றால் மெல்லிய சரிவும் செங்குத்துச் சுவராகத் தோன்றும். மெதுவாய்ச் சென்றால் செங்குத்துச் சுவரும் மெல்லிய சரிவாகத் தோன்றும்.

அதைவிட முக்கியமானது, முன்னால் இருப்பது அத்திரையில் எங்கும் இல்லை என்பது. வள்ளம் 8 நாட் வேகத்தில் சென்றால் 10 நொடியில் 40 மீட்டரைக் கடந்துவிடும். ஒரு பாரின் விளிம்பு ஏறி வர அந்த 40 மீட்டரே அதிகம். திரையில் தரை ஏறுவதைக் கண்டு வியந்து முடிப்பதற்குள் அணியம் அங்கே போயிருக்கும். முன்னோக்கிப் பார்க்கும் சோனார்களும் உண்டு. ஆனால் நம் வள்ளங்களில் இருப்பது அதுவன்று.

இனி, ஒலி கயிறு போல நேராக இறங்குவதில்லை. புனல் கவிழ்த்தாற்போல விரிந்து இறங்குகின்றது. விரிவு 20 பாகை என்று கொண்டால், 20 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 7 மீட்டர் அகலமுள்ள வட்டத்தை அது தொடும். அந்த வட்டத்துக்குள் எது மிக அருகில் இருக்கின்றதோ அதன் எதிரொலியே முதலில் வரும். கருவி அதையே தரை என்று எழுதும். ஆகவே குறுகிய பள்ளம் திரையில் தெரியாமலே போகும். ஊசிப்பாறை தன் அளவினும் பருத்துத் தெரியும். 200 கிலோஹெர்ட்ஸ் என்னும் கூரிய ஒலி குறுகிய புனலாக இறங்கி நுணுக்கமாய்க் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் பரந்து இறங்கி ஆழம் வரை செல்லும். பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரை எட்டுவதில்லை. அங்கு முன்னதே போதும்.

தரையின் தன்மையையும் திரை சொல்கின்றது என்பது நமக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. சேற்றுத் தரை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். திரையில் தரைக்கோடு மெலிந்து மங்கிக் கிடக்கும். மணல் சற்றுத் தடித்திருக்கும். பாறைத் தரையாகிய பார் வந்துவிட்டால் கோடு தடித்துச் செக்கச் சிவந்து, மேடும் பள்ளமுமாகக் குலுங்கும். அது மட்டுமன்று, கடினத் தரையில் பட்டு மேலே வந்த ஒலி நீரின் மேற்பரப்பில் மோதி மறுபடியும் கீழே இறங்கி, மறுபடியும் தரையில் பட்டுத் திரும்பும். இந்த இரண்டாம் எதிரொலி, உண்மைத் தரைக்குக் கீழே இருமடங்கு ஆழத்தில் மற்றொரு தரைபோல் திரையில் விழும். அந்த நிழல் தரை தெளிவாகத் தெரிந்தால் கீழே கடினம் என்று பொருள்.

இதனை நாம் வியந்து பேசியபோது வள்ளத்தில் இருந்த முதியவர் ஒருவர் சிரித்தார். இளமையில் தோணிகளில் போய்வந்தவர் அவர். வள்ளத்தில் எல்லாருக்கும் அவர் காக்கா. ஈயக்குண்டின் அடியில் குழி இருக்கும் என்றும், அதில் கொழுப்பையோ மெழுகையோ அப்பி இறக்குவார்கள் என்றும் அவர் சொன்னார். குண்டு மேலே வரும்போது கொழுப்பில் சேறு ஒட்டியிருந்தால் சேறு, மணல் ஒட்டியிருந்தால் மணல், ஒன்றும் ஒட்டாமல் நசுங்கி வந்தால் பார். தண்டையல் அதை விரலால் தேய்த்துப் பார்ப்பார். சிலர் முகர்ந்தும் பார்ப்பர். கயிற்றில் எத்தனை பாகம் இறங்கியது என்பதும், ஒட்டியது என்ன என்பதும் சேர்ந்தே அவர்களுக்கு இடத்தைச் சொல்லின. ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்; ஆறடி. பதினைந்தாம் நூற்றாண்டில் அரபிக் கடலோடி அஹ்மத் இப்னு மாஜித் எழுதிய நூல்களில் கரை நெருங்குவதைக் காட்டும் அடையாளங்களாகப் பறவைகளும் கடற்பாம்புகளும் இடம்பெறுகின்றன. ஒன்றை மட்டும் நம்பிக் கலம் செலுத்திய கடலோடி எவரும் அக்காலத்தில் இல்லை. இன்றைய பெட்டி அவற்றுள் ஆழத்தை மிக விரைவாகவும் இடைவிடாமலும் தருகின்றது. அந்த விரைவே மற்ற அடையாளங்களைப் பார்க்கும் பழக்கத்தை இளைஞர்களிடமிருந்து எடுத்துவிடுகின்றது என்பது நம் கணிப்பு.

கணிப்பு என்று சொல்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 21 என்று பள்ளியில் படித்தோம். அவற்றுள் கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்த விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்கும் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்ததால், அலையைத் தடுத்து நின்ற அரண் கரைந்தது முக்கியக் காரணம். தீவாக இருந்தவரை கண்ணால் கண்டு விலகிப் போகலாம். மூழ்கிய தீவு விலகச் சொல்லி எச்சரிப்பதில்லை. தீவுகளைச் சுற்றிலும் பவளப் பார்கள் நீருக்குள் பரந்து கிடக்கின்றன.

ஒரு நாள் விடியலில் வள்ளத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். சுபுஹுத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுத்திருந்தது. வழக்கமான வழியில் காற்றும் நீரோட்டமும் ஒத்துவராததால் மருமகன் சற்று ஒதுங்கி வந்தார். திரையில் எண்கள் இறங்கின, 3.4, 3.0, 2.6. அவர் வேகத்தைக் குறைத்தார். திடீரென்று எண் 4.6 என்று மாறியது. ஆழம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அவர் கை விசையின் மீது போயிற்று. அணியத்தில் குந்தியிருந்த காக்கா திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"தம்பி, எஞ்சின அமத்து. தண்ணி வெளுத்துக் கெடக்கு. இங்க எப்புடி ரெண்டரைப் பாகம் வரும்?"

"பொட்டியில 4.6 போடுதே காக்கா."

"பொட்டி போடட்டும். நீ அமத்து."

எஞ்சின் நின்றது. காக்கா நீண்ட கழியை எடுத்து இறக்கினார். ஒன்றேகால் பாகத்தில் அது தட்டியது. கல்லில் தட்டும் ஓசை கழியின் வழியே நம் காதுக்கும் வந்தது. ஒன்றேகால் பாகம் என்றால் 2.3 மீட்டர். திரை காட்டிய 4.6-இல் சரிபாதி! வள்ளம் அலையில் மெல்ல ஆடிய இடைவெளியில் பார்த்தோம்: வீடொன்றின் முற்றத்தளவு தொலைவில், முழங்கால் ஆழத்துக்கு மேல் நீர் இல்லாத இடத்தில், பழுப்பும் பச்சையுமாகப் பாறைத் தலைகள். வள்ளத்தில் அன்று எட்டுப் பேர் இருந்தோம். ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

நிகழ்ந்தது இதுதான். கருவி தானாகவே தரையைத் தேடிக் கண்டுபிடிக்கும் நிலையில் இருந்தது. மேற்பரப்பை ஒட்டிய இடத்தில் அலையும் நீர்க்குமிழியும் எழுப்பும் குப்பை எதிரொலிகள் மிகுதி. அவற்றைத் தள்ளிவிட ஒரு வடிகட்டியும் அதில் உண்டு. தரை மிக அருகே ஏறி வந்தபோது, உண்மையான எதிரொலியையே மேற்பரப்புக் குப்பை என்று கருவி கழித்துவிட்டது. பாரின் கடினத்தால் இரண்டாம் எதிரொலி வலுவாக இருந்தது. அதனைத் தரை என்று ஏற்று, இருமடங்கு ஆழத்தை எழுதியது. கருவி பழுதல்ல, கேட்டதைக் கேட்டபடி எழுதிற்று. கூர்ந்து பார்த்தபோது, திரையின் உச்சியை ஒட்டி உண்மைத் தரையின் மங்கிய சிவப்புக் கீற்று தெரிந்தது. எண்ணைப் பார்த்த கண்ணுக்கு அது தென்படவில்லை. படிப்படியாக இறங்கி வந்த எண் ஒரே தாவலில் ஏறத்தாழ இருமடங்காகுமாயின், ஆழம் வந்தது என்று கொள்ளாது, இரண்டாம் எதிரொலி என்று ஐயுறுதல் வேண்டும். தீவுகளின் பக்கம் வரும்போது தானியங்கு நிலையை நிறுத்தி, திரையின் எல்லையை 10 மீட்டர் என்று கையால் வைத்துக்கொண்டால் இரு கோடுகளும் ஒருங்கே தெரியும். மேலே உள்ளதே மெய்.

எண்ணை நம்புவது எத்தகையது என்பதற்கு மற்றொரு சான்று உலகறிந்தது. 2005-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், அமெரிக்கக் கடற்படையின் சான் பிரான்சிஸ்கோ என்னும் அணுசக்தி நீர்மூழ்கி, குவாம் தீவுக்குத் தெற்கே, நீருக்குள் விரைந்து செல்லுகையில் கடலடி மலையொன்றில் நேருக்கு நேர் மோதியது. மாலுமி ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். அவர்கள் கையில் வைத்திருந்த வரைபடத்தில் அந்த மலை இல்லை. வேறு வரைபடங்களில் அவ்விடத்தைப் பற்றிய எச்சரிக்கைக் குறிப்பு இருந்தது. கீழே இருக்கும் ஆழத்தை அறியும் கருவியும் இருந்தது. அது முன்னால் நின்ற மலையைக் காட்டும் கருவியன்று. பேம் அவர்களின் கதையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே.

மீன்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும்; பெட்டியை வாங்குவோரில் பாதிப்பேர் வாங்குவது அதற்காகத்தான். திரையில் வில் போல வளைந்து தெரிவது மீனின் முதுகு என்று பலர் எண்ணுகின்றனர். அது மீனின் உருவமே அன்று. ஒலிப்புனலின் ஓரத்தில் மீன் நுழையும்போது தூரம் சற்று அதிகம். நேர் கீழே வரும்போது குறைவு. வெளியேறும்போது மீண்டும் அதிகம். அந்தத் தூரங்களின் தடமே வில்லாகின்றது. நீண்ட வில் என்றால் பெரிய மீன் என்று பொருளில்லை. நீண்ட நேரம் கீழே இருந்தது என்றே பொருள். எதிரொலியின் பெரும்பங்கு மீனின் உடலிலிருந்து வருவதன்று, அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையிலிருந்து வருவது. காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் கணவாயும் மங்கலாகவே தெரியும். பெருங்கடலில் இக்காற்றுப்பைகள் அறிஞர்களையே ஏமாற்றியிருக்கின்றன. 1942-இல் கலிபோர்னியாக் கடலில் ஆய்ந்தவர்கள், பலநூறு மீட்டர் ஆழத்தில் தரைபோன்ற ஒரு படலத்தைக் கண்டனர். 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்பவர் அது இரவில் மேலெழுந்து பகலில் கீழிறங்குவதைக் காட்டினார். தரை எழுந்து நடக்குமா? சிற்றுயிர்களும் சிறு மீன்களும் கூட்டமாய் ஏறி இறங்குவதே அது.

அந்த விடியலுக்குப் பிறகு தமக்கையாரிடம் சென்று, பெட்டி நல்ல பெட்டிதான் என்றும், காக்காவையும் கழியையும் இறக்கிவிட்டுப் போக வேண்டாம் என்று மகனிடம் சொல்லும்படியும் கூறினோம். வளையல்களைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

மருமகன் இப்போது இரண்டு காரியங்கள் செய்திருக்கின்றார். முதலாவது, வள்ளத்தைக் கரையேற்றியபோது அளவு நாடாவை வைத்து, டிரான்ஸ்டியூசரின் முகத்திலிருந்து வள்ளத்தின் மிகத் தாழ்ந்த பகுதிவரை அளந்தது. 35 சென்டிமீட்டர் வந்தது. கருவி காட்டுவது டிரான்ஸ்டியூசருக்குக் கீழுள்ள நீரை. தட்டப் போவதோ அதனினும் தாழ்ந்த அடிமரம். அந்த 35-ஐக் கருவியிலேயே கழித்து வைத்துவிட்டார். எண் 1.0 என்று காட்டினால் இப்போது அடிமரத்துக்குக் கீழே ஒரு மீட்டர் நீர் இருக்கின்றது. பிற வள்ளங்களில் கேட்டுப் பார்த்தோம்; கடையில் பொருத்திக் கொடுத்தபடியே ஓட்டுவோர்தாம் மிகுதி.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். காக்கா சொல்லச் சொல்ல எழுதியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஜி.பி.எஸ். காட்டும் புள்ளி, அவ்விடத்தில் கழியோ குண்டோ சொன்ன பாகம், திரை சொன்ன மீட்டர், தரை சேறா மணலா பாரா என்பது, சோழகக் காற்றில் அங்கே நீரின் நிறம் எப்படி, வாடையில் எப்படி. இதுவரை 60 இடங்கள் எழுதி முடிந்திருக்கின்றன. ஈயக்குண்டு கடையில் கிடைக்கவில்லை என்று, பழைய வலையிலிருந்த ஈயத்தை உருக்கித் தாமே ஒன்று வார்த்துக்கொண்டார். அடியில் குழியும் வைத்திருக்கின்றார். கொழுப்புக்காக நம் வீட்டு அடுக்களைக்கு ஆள் அனுப்பியிருந்தார்.